இரண்டு சட்டங்களும் இரண்டு மருமக்களும்

எனக்கு என் சகலன்மேல் பொறாமை. அதை மூடி மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. என் மனைவியின் தங்கையைக் கல்யாணம் முடித்தவர் அவர். எங்கள் ஊர் வழக்கப்படி கல்யாணம் முடித்த ஆண்தான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். ஆகவே ஒரே வளவுக்குள் இரண்டு மாப்பிள்ளைகள், நடுவில் மாமியின் வீடு. நான் மீன் வாங்கி வந்தால், அவர் என்ன மீன் வாங்கினார் என்பதும் சேர்த்தே பார்க்கப்படும்.

இது போதாதென்று, கல்முனையில் நான் வேலை பார்க்கும் மென்பொருள் கம்பனியில் அவரைச் சேர்த்துவிட்டதும் நானேதான். மனைவி கேட்டாள், மறுக்க முடியவில்லை.

நாங்கள் கிளினிக்குகளுக்கு நோயாளர் பதிவு மென்பொருள் செய்கிறோம். ஐரோப்பாவில் ஒரு கிளினிக் அதை வாங்க முன்வந்தது. அவர்களுடைய தனியுரிமைச் சட்டத்தையும் நமது இலங்கைத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் ஒப்பிட்டு, ஒத்துப்போகும் இடத்துக்குப் பச்சை, ஒன்றில் உள்ளது மற்றதில் இல்லாத இடத்துக்குச் சிவப்பு என்று ஓர் அட்டவணை போடும் வேலை எனக்கு வந்தது. புதிய தனியுரிமைப் பிரிவுக்கு ஒரு பொறுப்பாளர் தேவை என்று முதலாளி ஜாடையாகச் சொல்லியிருந்தார். அந்தப் பதவிக் கதிரை எனக்கே என்று முடிவுகட்டிக்கொண்டேன்.

மாமா மௌத்தாகி, மாமி இத்தாவில் இருந்த காலம் அது. கணவன் இறந்த பிறகு வெளியே போகாமல், அந்நிய ஆண்களைக் காணாமல் வீட்டுக்குள் இருக்க வேண்டிய நாட்கள். மருமக்கள் போய்ப் பார்க்கலாம். நான் அறை வாசலில் நின்று சலாம் சொல்லி, சுகம் விசாரித்துவிட்டு மடிக்கணினிக்குத் திரும்பிவிடுவேன். சகலன் மாலையில் மஃரிபு தொழுதுவிட்டு வந்து கதிரையை இழுத்துப் போட்டால், இரவு இஷாத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை எழும்ப மாட்டார். சில நாள் மாமி சிரிக்கும் சத்தம்கூடக் கேட்கும். இத்தாவில் இருக்கும் மனுஷியைச் சிரிக்க வைக்க அப்படி என்னதான் கதைக்கிறார் என்று எனக்கு வயிறு எரியும்.

அட்டவணையைக் கூட்டத்தில் போட்டுக் காட்டினேன். சம்மதம், திருத்தும் உரிமை, அழிக்கும் உரிமை, தகவல் கசிந்தால் அறிவிப்பது. எல்லோரும் தலையாட்டினார்கள். சகலன் மட்டும் மெதுவாகக் கேட்டார்.

"மௌத்தான ஆக்கள்ட தகவல் எதுக்குள்ள வருது?"

"அது வராது" என்றேன். ஐரோப்பியச் சட்டம் இறந்தவர்களை எடுப்பதில்லை. நம்முடையதும் அப்படித்தான் இருக்கும் என்று கடைசிப் பக்கங்களின் வரைவிலக்கணத்தை நான் வாசிக்கவேயில்லை. அவர் அதை எடுத்து வாசித்தார். தகவலுக்கு உரியவர் என்றால் உயிரோடு இருப்பவரும் இறந்தவரும் என்றே அதில் இருந்தது. வாரிசுகள் உரிமை கேட்கலாம் என்றும் இருந்தது.

இது எப்படித் தட்டுப்பட்டது என்று முதலாளி கேட்டார்.

"எங்கட மாமாட போனுக்கு இன்னும் கிளினிக்கால மெசேஜ் வருது, சீனி செக் பண்ண வரச்சொல்லி. அதுவும் நம்மட மென்பொருள்தான்."

பொறுப்பாளர் பதவி அவருக்குப் போனது. வாழ்த்துச் சொன்னேன். என் வாய் சிரித்தது, அவ்வளவுதான்.

அன்று மாலை அவருக்கு முந்திக்கொண்டு மாமியின் அறைக்குப் போய், அந்தக் கதிரையில் நானே உட்கார்ந்தேன். மாமாவின் போன் சார்ஜரில் கிடந்தது.

"ஏன் மாமி, மெசேஜ் வாறத எனக்கிட்டச் சொல்லல்ல?"

"முதல்ல உங்களுக்கிட்டத்தானே மகன், நான் காட்டின. வாசல்ல நிண்டு பாத்துட்டு, அந்த நம்பர ப்ளொக் பண்ணித் தாறன் எண்டீங்க. எனக்கு அது வேணாம். மௌத்துக்குப் பொறகு அவரப் பேர் சொல்லிக் கூப்பிடுறது அது ஒண்டுதான். சின்ன மருமகன் அத வாசிச்சுக் காட்டுவாரு. உங்கட மாமா சீனி போட்ட தேத்தண்ணிய ஒளிச்சுக் குடிச்ச கதயெல்லாம் அதோட வரும்."

எனக்கு ஒன்று தோன்றியது. புதிய பொறுப்பாளரின் முதல் வேலையே இறந்தவர்களுக்குப் போகும் மெசேஜை நிறுத்துவதுதான். உங்கள் செல்ல மருமகன்தான் அதை நிறுத்தப்போகிறார் என்று சொன்னால் மாமியின் முகம் எப்படிப் போகும்? சொல்லிவிடத் துடித்தது நாக்கு.

"நிப்பாட்டத்தான் வேணுமாம் மகன்" என்றார் மாமியே. "பகல் சின்ன மருமகன் போன் எடுத்துச் சொன்னாரு. வாரிசு நான்தானாம், நான் ஓம் எண்டாத்தான் செய்வாராம். கடைசியா ஒருக்கா வரட்டும் எண்டு சொன்னன்."

வெளியே சகலனின் செருப்புச் சத்தம் கேட்டது. நான் எழும்பிக் கதிரையை விட்டுக்கொடுத்தேன்.