மூடிய மைதானத்து வழக்குகள்

விளையாட்டுச் சங்கத்தில் வேலை என்று சொன்னதும் எல்லோரும் என் காலைத்தான் பார்ப்பார்கள். நான் ஓடுகிறவள் இல்லை, ஓடுகிறவர்களுக்குச் சட்டச் சிக்கல் வந்தால் அதைப் பார்க்கிற அறையில் இருக்கிறவள். இத்தாலியில், பலெர்மோவில் ஒரு பல்கலைக்கழகத்தின் விளையாட்டுச் சங்கம் அது. சட்டப் பிரிவு என்று கதவில் பெரிதாக எழுதியிருக்கும். உள்ளே இரண்டே பேர்: வக்கீல் ரொசாலியா, அவருக்கு உதவியாக நான்.

கொரோனா வந்த வருசம் அந்தச் சின்ன அறை ஒரு நீதிமன்றம் போல ஆகிவிட்டது. நீங்களும் அந்தக் காலத்தில் ஏதாவது ஒரு அலுவலகத்தில் இருந்து, காலையில் வந்த அரசாங்க ஆணையையும் பின்னேரம் அதைத் திருத்தி வந்த ஆணையையும் வாசித்துக் கண் எரிந்தவர் என்றால், கிட்ட வந்து இருங்கள். நாங்கள் ஒரே சாதிச் சனம்.

தோட்டப் பாதையில் பொலிஸ்

டிலானி மன்னாரிலிருந்து படிக்க வந்த பிள்ளை. ஐயாயிரம் மீற்றர் ஓட்டக்காரி. அந்த ஓட்டத்துக்காகத்தான் பல்கலைக்கழகம் அவளுக்கு விடுதி அறையும் உதவிப் பணமும் கொடுத்திருந்தது. நகரம் அடைபட்டதும் விடுதியையும் மூடினார்கள். நகரத்து ஓரம், பிரான்காச்சோவில் இருந்த மாமா வீட்டுக்குப் போய்விட்டாள். மாமாவுக்கு பக்கத்துச் சியாகுல்லித் தோட்டங்களில் மண்டரின் தோடம்பழம் பறிக்கிற வேலை. அவர் வேலைக்குப் போகிற பாதையிலேயே இவள் ஓடத் தொடங்கினாள். மரங்களில் பழம் தொங்கிய காலம். ரோட்டில் ஒரு மனிதர் இல்லை.

அப்போதைய விதிப்படி உடற்பயிற்சி செய்யலாம்; தனியாக, வீட்டுக்குப் பக்கத்தில். பக்கம் என்றால் எவ்வளவு தூரம் என்று ஆணையில் இல்லை. ஒருநாள் காலை பொலிஸ் வாகனம் பின்னால் வந்தது. பாதை ஒடுங்கியதும் ஒரு பொலிஸ்காரர் இறங்கித் துரத்தியிருக்கிறார். காதில் பாட்டுப் போட்டிருந்த இவளுக்கு அது தெரியாது. பாதை முடிந்து திரும்பினால், மனுசன் மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். உடனே எனக்கு அழைத்தாள்: "அக்கா, பொலிஸ் நிக்குது, என்ன செய்யிறது?" நான் வக்கீலை இணைத்துவிட்டேன். ஐயாயிரம் மீற்றர் ஓடுகிறவளுக்கு இந்தத் தூரம் பக்கம்தான் என்று ரொசாலியா வாதாடினார். பொலிஸ்காரர் அவள் கைபேசியை வாங்கி எல்லாவற்றையும் கேட்டார். கைபேசியைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் மூச்சு வாங்கியபடி சொன்னது எனக்கும் கேட்டது: "பிள்ளை, சட்டம் உன்னைப் பிடிக்கச் சொல்லுது, ஆனால் என்ர நெஞ்சு வேண்டாமெண்டுது. நாளைக்கு வீட்டைச் சுத்தி ஓடு."

கையெழுத்து வைக்காத சிஞ்ஞோரா

கோடையில் கொஞ்சம் திறந்தார்கள். விளையாட வருகிற ஒவ்வொருவரும், தொற்று வந்தால் சங்கம் பொறுப்பில்லை என்று கையெழுத்து வைக்க வேண்டும் என்றது நிர்வாகம். அந்தத் தாள் நீதிமன்றத்தில் ஒரு நிமிசம் நிற்காது என்று ரொசாலியா சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. வெயிலில், வாசலில் மேசை போட்டு நான்தான் இருந்தேன்.

கூடைப்பந்து ஆடும் ஒருவனோடு அவன் தாயும் வந்தார், மரியாதையாக எல்லோரும் சிஞ்ஞோரா என்று கூப்பிடுகிற அம்மா. வியா மக்வேதா தெருவில் துணிக்கடை வைத்திருப்பவர். மகன் வளர்ந்தவன், தாயின் கையெழுத்து சட்டப்படி தேவையே இல்லை. ஆனால் பலெர்மோவில் இதை எந்தத் தாயிடமும் சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டு, ஆறுதலாக, கடைசி வரி வரை வாசித்தார். பின்னால் வரிசை நீண்டது. மகன் வெட்கத்தில் வேறு பக்கம் பார்த்தான். வரிசையின் சத்தம் கேட்டுச் சங்கத்தின் இயக்குநரே இறங்கி வந்தார். சிஞ்ஞோரா அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அவர் திரும்பி மேலே போனார். அடுத்த கிழமை அந்தத் தாளும் போய்விட்டது. கேள்வி இதுதான்: "இவனுக்கு நோய் வருத்தம் வந்தால் இவன் என்ர பிள்ளை, கோப்பை வெண்டால் மட்டும் உங்கட பிள்ளையோ?"

தண்ணீருக்குள் நடப்பது

இலையுதிர்காலத்தில் இன்னொரு ஆணை. ஆளை ஆள் தொடுகிற விளையாட்டுகளுக்குத் தடை. குளத்துக்குள் நீந்தியபடி ஆடுகிற நீர்ப்பந்தின் பயிற்சியாளர் தொத்தோ, ஈரச் செருப்போடு படியேறி எங்கள் அறைக்கு வந்தார். கதவு முழுவதையும் அடைக்கிற உடம்பு. அவரோடு குளோரின் வாசனையும் வரும். இன்றைக்கும் ஏதாவது நீச்சல் குளத்தைக் கடந்து போனால் எனக்கு அந்த மத்தியானங்கள்தான் ஞாபகம் வருகின்றன: யன்னலை விரியத் திறந்துவைத்து, ஆளுக்கொரு மூலையில் நின்று, சின்னக் கோப்பையில் கோப்பி குடித்துக்கொண்டு, நாளைக்கு எது நடக்கலாம், எது நடக்கக் கூடாது என்று மூன்று பேரும் கத்திக் கத்திக் கதைத்தது.

நீர்ப்பந்தில் ஆட்கள் தொடுவார்களா என்று ரொசாலியா கேட்டார். விதிப்புத்தகத்தின்படி பந்தில்லாத ஆளைப் பிடிப்பது தவறு. ஆகவே தொடுகை இல்லை என்று வாதாடலாமா என்று ஒரு யோசனை.  தொத்தோ சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக் காட்டினார். நகக்கீறல்கள், ஒரு பழைய பல் அடையாளம். வக்கீலைப் பார்த்துச் சொன்னார்: "மேல நடக்கிறது விளையாட்டு, அவ்வொக்காத்தா. கீழ நடக்கிறதுக்கு நீங்கள் வேற சட்டம் பாக்கவேணும்."

ஓடாத குற்றம்

இது சிரிக்க முடியாத விசயமாகத்தான் தொடங்கியது. டிலானியின் உதவிப் பணத்துக்கு ஒரு நிபந்தனை இருந்தது: வருசத்தில் ஒரு அதிகாரபூர்வப் போட்டியாவது ஓட வேண்டும். அந்த வருசம் அவளுக்கு ஒரு போட்டியும் நடக்கவில்லை. நிபந்தனை நிறைவேறவில்லை, உதவி நிற்கும், விடுதி அறையையும் விட வேண்டும் என்று பல்கலைக்கழகக் குழுவின் முடிவு வந்தது. உதவி இல்லாவிட்டால் படிப்பு இல்லை. படிப்பு இல்லாவிட்டால் இத்தாலியில் இருக்கிற அனுமதி, அந்தப் பெர்மெஸ்ஸோவும் இல்லை. அவள் எங்கள் அறையில் வந்து இருந்தாள். அழவில்லை. "அக்கா, போட்டி வைக்காமல் விட்டது நானோ?" என்று மட்டும் கேட்டாள்.  ரொசாலியா அன்றைக்கே மேன்முறையீடு எழுத உட்கார்ந்தார்.

விசாரணை கணினித் திரையில் நடந்தது. டிலானி மாமா வீட்டிலிருந்து, தலையை இழுத்துக் கட்டிக்கொண்டு, போட்டிக்குப் போகிற மாதிரி இருந்தாள். குழுவில் ஒருவர், விதி விதிதான், விலக்கு வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்டிருக்கலாம் என்றார். ரொசாலியா குரலை உயர்த்தவே இல்லை. "மைதானத்தைப் பூட்டினது நீங்கள். திறப்பு உங்கட கையிலை. வாசலிலை நிண்டவளைப் பாத்து, ஏன் உள்ளுக்கு ஓடேல்லை எண்டு கேக்கிறியள்." அவர்கள் ஒலியை நிறுத்திவிட்டுத் தங்களுக்குள் கதைத்தார்கள். வாய்கள் மட்டும் அசைந்தன. 

ஒலி திரும்பி வந்தபோது தலைவர் சொன்னார்: அந்த வருசத்தைக் கணக்கில் எடுப்பதில்லை, நிபந்தனை அடுத்த வருசத்துக்குத் தள்ளிவைக்கப்படுகிறது, உதவியும் அறையும் தொடரும். டிலானி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தினாள். அப்போது திரைக்குள் கரண்டியோடு அவள் மாமி நுழைந்து, ஒலிவாங்கி திறந்திருப்பது தெரியாமல் உரத்து ஏதோ சொன்னார். அந்த அம்மா என்ன சொல்கிறார், ஆட்சேபணையா என்று தலைவர் கேட்டார். ஒரு சொல் விடாமல் நான் மொழிபெயர்த்தேன்: "வெண்டிட்டியோ பிள்ளை? அப்ப அந்த ஐயாமாரை மறிச்சு வை, நண்டுக்கறி அடுப்பில கிடக்கு!"

வெறும் படிக்கட்டுகள்

அடுத்த வருசம் போட்டி வைத்தார்கள், பார்வையாளர் இல்லாமல். சங்கத்து ஆட்கள் என்ற பெயரில் நானும் ரொசாலியாவும் உள்ளே போனோம். பார்வையாளருக்கான அவ்வளவு பெரிய படிக்கட்டுகளில் நாங்கள் இரண்டு பேர், தள்ளித் தள்ளி. ஓட்டத்தைத் தொடக்கிவைக்கிற துவக்கு வெடித்ததும் சத்தம் சுவரில் மோதித் திரும்பி வந்தது. பிறகு ஓடுகிறவர்களின் சப்பாத்துகள் தரையில் படுகிற சத்தம் மட்டும். நிரம்பிய மைதானத்தில் யாருக்கும் அது கேட்காது. எனக்கு இப்போதும் கேட்கிறது.

டிலானி நடுவில்தான் ஓடினாள். கடைசிச் சுற்றில் இரண்டு பேர் அவளைத் தாண்டினார்கள். ஏழாவதாக வந்தாள். நாங்கள் எழும்பி, அவள் முதலாவதாக வந்தது போலக் கை தட்டினோம். கீழே தொத்தோ முகக்கவசத்துக்குள்ளால் கத்தினார். அவள் புல்லில் மல்லாந்து படுத்துக் கிடந்தாள். பக்கத்தில் போய்க் குனிந்தபோது, மூச்சு திரும்பும் முன்னமே கேட்டாள்: "ஏழாவது எண்டாலும் இது அதிகாரபூர்வம்தானே அக்கா? இனி என்னை அனுப்பேலாதுதானே?"

இப்போது அவள் பட்டம் எடுத்து, ஒரு இயன்முறைச் சிகிச்சை நிலையத்தில் மற்றவர்களின் முழங்காலைப் பார்க்கிறாள். ரொசாலியா கத்தானியாவுக்கு மாறிப் போய்விட்டார். என் அறையில் யன்னலும் முன்னைப் போல் விரியத் திறப்பதில்லை.

சட்டப்படி பார்த்தால் அந்த வருசங்களில் எங்கள் சங்கத்தில் அனேகமாக ஒரு விளையாட்டும் நடக்கவில்லை. ஆனால் அவ்வளவு பேர் அவ்வளவு ஓட்டம் ஓடி நான் அதற்குப் பிறகு பார்க்கவும் இல்லை.