வாடகைக்கு விடாத வீட்டுக்காரர்

பிள்ளைகளே, நீங்கள் சின்னவர்களாக இருந்தபோது மாமல்லபுரத்தில் வாடகைக்கு வீடு தேடினோம். கற்கோயில்களை ஒட்டிய தெருவில் ஒரு வீட்டின் முன்பகுதி காலியாக இருந்தது; பின்கட்டில் வீட்டுக்காரர் குடியிருந்தார். ஒல்லியான மனிதர், நரைத்த மீசை, தோளில் துண்டு. பேசிக்கொண்டே ஒட்டடைக் கம்பால் மேல்தளத்தைத் தட்டித் தட்டிப் பார்ப்பார். அங்கங்கே காரை பெயர்ந்து கம்பி தெரிந்தது.

"மழை வந்தா தாங்காது சார். பசங்களோட வந்துகீறீங்க, வேணாம்" என்றார்.

"ரிப்பேர் பண்ணலாமே?" என்றேன்.

"கோயில் பக்கத்துல கீதே, இன்னா பண்ணணும்னாலும் பர்மிஷன் வோணும். எழுதிக் குடுத்துட்டு ஆபீசுக்கு நடந்துகினு கீறேன். கோயிலைக் காப்பாத்தத்தான் ரூலு, தப்பு சொல்லல. மழை அதுவரைக்கும் காத்துகினு கெடக்குமா?"

"வர்றவங்களையெல்லாம் இப்பிடியே தொரத்து. அடுப்புல தண்ணிய ஊத்து" என்று உள்ளேயிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார். அந்த வாடகையில்தான் அவர்கள் சாப்பாடு.

"அப்போ மழையில நீங்க எங்க தங்குவீங்க?" என்று கேட்டேன்.

"இங்கதான். சொந்த வூட்ட வச்சிகினு வாடகைக்கா அலைவேன்?" என்று சிரித்தார்.

பிறகு அவரே நம்மை அடுத்த தெருவுக்குக் கூட்டிப்போய் வேறு வீடு பேசி முடித்துக் கொடுத்தார்.

நாம் குடிபோன வாரமே மழை பிடித்துக்கொண்டது. நீங்கள் இருவரும் கூடத்தில் ஓடி விளையாடினீர்கள். அவரும் அந்த அம்மாவும் எந்த மூலையில் ஒதுங்கியிருப்பார்களோ என்று நினைத்தபடி நின்றேன். இன்றைக்கும் மழை வந்தால் எனக்கு அதே நினைப்புதான்.