கதவு திறக்காத ஆட்டம்

எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் வெள்ளைத் துண்டில் முடிந்த பொருள் ஒன்று இருக்கிறது. பார்ப்பவர்கள் ஏதோ பாத்திரம் என்று நினைத்துக்கொள்வார்கள். அவிழ்த்தால் கறுப்பாக, நீச்சல் அடிக்கிறவர்கள் கண்ணில் மாட்டும் கண்ணாடியை ஊதிப் பெரிதாக்கியதுபோல ஒன்று வரும். தலையோடு இறுக்க ஒரு வார், காதுப் பக்கம் சத்தம் வருகிற ஓட்டைகள், கண்ணைச் சுற்றி மெத்தை. ஹெட்செட் என்பார்கள்; மாட்டினால் ஆட்டத்துக்குள்ளேயே நிற்பதுபோல இருக்கும். அதை மாட்டிக் கழற்றினால் நெற்றியிலிருந்து கன்னம்வரை ஒரு தடம் விழும். அந்தத் தடத்தோடு எத்தனையோ சாயங்காலம் பஸ் ஏறியிருக்கிறேன். ஒருமுறை கண்டக்டர், "இன்னா ஆயா, யாராச்சும் அடிச்சிட்டாங்களா?" என்று கேட்டார். "ஆட்டம் ஆடிட்டு வரேம்பா" என்றேன். பஸ்ஸே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. உண்மையைத்தான் சொன்னேன்.

எனக்கு ஊர் திருவிடந்தை. படிப்பு கொஞ்சம்தான். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், எழுதுவது அதைவிட மெதுவு. இதை எழுதி முடிக்க ஒரு மழைக்காலம் ஆயிற்று, பிழையை மகள் திருத்தினாள். சமையல் வேலைக்குப் போனேனே தவிர யாரிடமும் கை கட்டி நின்றதில்லை. போகிற வீட்டில் முதல் நாளே சொல்லிவிடுவேன்: சமைப்பேன், அடுப்படி துடைப்பேன், மற்றது என் வேலை இல்லை. மீந்ததைக் கட்டிக் கொடுக்காதீர்கள். உட்கார நாற்காலி வேண்டும், ஏனென்றால் என் முட்டி நல்ல முட்டி இல்லை. இதைக் கேட்டு முகம் சுளித்தவர்கள் வீட்டில் நான் உலை வைத்ததில்லை. சுளிக்காமல், "அந்த நாற்காலி ஆடுது, இதுல இருங்கம்மா" என்று வேறு ஒன்றை இழுத்துப் போட்டவர் நாவலூர் சார்.

சார் கல்பாக்கத்தில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊர் திருநெல்வேலிப் பக்கம். மனைவி இல்லை. அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்தார். ஓய்வு பெற்ற மனிதர்கள் பேப்பர் படிப்பார்கள், கோயிலுக்குப் போவார்கள். இவர் அந்த ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு வீடியோ கேம் ஆடினார். அதிலும் ஊர் உலகமெல்லாம் ஆடுகிற, சுட்டுத் தள்ளுகிற ஆட்டங்களைத் தொடவே மாட்டார். யாரோ ஒருத்தர், இரண்டு பேர் வீட்டு அறையில் உட்கார்ந்து செய்த, பேர் தெரியாத ஆட்டங்களாகத் தேடித் தேடி வாங்குவார். ஆடி முடித்ததும் எப்படி இருந்தது என்று கம்ப்யூட்டரில் எழுதுவார். அதைப் படிக்கவும் பதில் போடவும் எங்கெங்கோ ஆட்கள் இருந்தார்கள். வயதான மனிதருக்கு இது என்ன கிறுக்கு என்று நினைத்துக்கொண்டேதான் குழம்பு தாளித்தேன்.

கிறுக்கு இல்லை என்பது பிறகு தெரிந்தது. அவருக்கு ஒரே மகள். இன்ஜினியர் படிப்பு முடித்து, கிடைத்த நல்ல வேலையை உதறிவிட்டு, விளையாட்டு செய்யப் போகிறேன் என்று நின்றிருக்கிறாள். இவர் கத்தியிருக்கிறார். "விளையாட்டு சோறு போடுமா" என்று கேட்டு, கடைசியில், "இனி இந்த வாசப்படிய மிதிக்காத" என்றும் சொல்லிவிட்டார். அவர் சொன்ன சொல்லை அவள் காப்பாற்றினாள். அம்மா செத்ததற்கு வந்தவள் கல்பாக்கம் குவார்ட்டர்ஸ் வாசலிலேயே நின்று, அங்கிருந்தே போய்விட்டாளாம். அதற்குப் பிறகுதான் இவர் ஆட ஆரம்பித்தார். மகள் எதற்காகத் தன்னை விட்டுப் போனாள், அப்படி அதில் என்னதான் இருக்கிறது என்று ஒவ்வொரு ஆட்டமாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். பேரை மாற்றி வைத்துக்கொண்டு எழுதியதால் மகளுக்கு அது தெரியாது.

அப்புறம் அவருக்குக் காதுக்குள் ஏதோ கோளாறு வந்து தலைசுற்றல் பிடித்துக்கொண்டது. எழுந்தால் சுவர் சுற்றும். ஹெட்செட்டைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறொருவர் மாட்டிக்கொண்டு பார்ப்பதை டிவியில் போட்டுப் பார்க்கலாமாம், அதையும் பார்த்தோம். நான் தலையைத் திருப்பினால் படம் ஆடுகிறது, படம் ஆடினால் சார் வாந்தி எடுக்கிறார். ஆகவே நான் பார்ப்பது, வாயால் சொல்வது, அவர் கேட்டு எழுதுவது என்று ஆயிற்று. மெத்தையில் எண்ணெய் படக்கூடாது என்று நான் தலையில் வெள்ளைத் துண்டைக் கட்டிக்கொண்டுதான் மாட்டுவேன். மாட்டிவிட்டு அந்த நல்ல நாற்காலியில் உட்காருவேன்.

அப்படி நான் போய் வந்த இடங்கள் கொஞ்சமா? ஒரு ஆட்டத்தில் ரயில் நிலையத்தில் யாரோ விட்டுப்போன குடைகளுக்கு உரியவரைக் கண்டுபிடிக்க வேண்டும். மழை பெய்துகொண்டே இருக்கும், குடை இல்லாதவர்கள் நனைந்துகொண்டே நிற்பார்கள். அது எனக்குப் பிடித்தது, அதில் அவசரம் இல்லை. இன்னொன்றில் பனிமலையில் ஒரு ஆட்டைத் தேடிப் போக வேண்டும். கடைசிவரை ஆடு வராது, மணிச் சத்தம் மட்டும் வரும். "இத செஞ்சவன் எதையோ தொலைச்சவன் சார்" என்றேன். படகு ஆட்டம் ஒன்று. எல்லோரும் ஆகா ஓகோ என்று எழுதினார்களாம். எனக்கு மூச்சு முட்டியது. "அலை வருது, காத்து வரல. மூக்கு காத்துகினே கீது சார்" என்றேன். இந்த ஆட்டங்களிலெல்லாம் நம் கை நம் கையாக இருக்காது. வழவழவென்று, ரேகை இல்லாமல், முட்டி வீங்காமல் ஒரு கை வரும். அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். சட்டி கழுவாத கை. பொய்தான், இருந்தாலும் கழற்றும்போது கொஞ்சம் வருத்தமாக இருக்கும்.

ஒருநாள் சார் எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார். மூக்கு காத்திருக்கிறது என்று நான் சொன்னது அப்படியே இருந்தது, அவர் சொன்னதாக. எனக்குச் சுருக்கென்றது.

"இன்னா சார், என் வாய்ல வந்தத உன் வாய்ல போட்டுக்கினா எப்பிடி?"

அவர் விழித்தார். "உங்க பேரப் போடவா?"

"பேரு வாணாம். ரெண்டு பேருன்னு போடு."

அன்றிலிருந்து, 'நானும் இன்னொருவரும் ஆடினோம்' என்றுதான் எழுதுவார். அந்த இன்னொருவர் யார் என்று அமெரிக்காவிலிருந்து ஒருவன் கேட்டானாம். நண்பர் என்று எழுதியிருக்கிறார். எனக்கு அது போதும்.

பிறகு மகளின் ஆட்டம் வந்தது. அவள் தனியாகச் செய்த முதல் ஆட்டம். சார் அதை வாங்கி வைத்துக்கொண்டு பல நாள் திறக்கவில்லை. மற்றவர்கள் எழுதியதை மட்டும் படித்தார். எழுதியதெல்லாம் ஒன்றேதான்: ஒரு வீட்டு வாசல் வருகிறது, கதவு திறக்கவில்லை, பாதியில் நின்றுபோன ஆட்டம், காசு தண்டம். கடைசியில் என்னிடம் சொன்னார். அவர் கேட்டது ஒரே ஒரு விஷயம். "உள்ள நான் இருக்கேனான்னு பாத்துச் சொல்லுங்கம்மா. திட்டினாலும் பரவால்ல. இருக்கேனான்னு மட்டும்."

மாட்டினேன். ஓட்டு வீடும் இல்லை, மாடி வீடும் இல்லை, அரசாங்கம் கட்டிய மஞ்சள் சுவர் வீடு. வாசலில் ஒரு செம்பருத்தி. பச்சைக் கதவு. மணியை அழுத்தினேன், தட்டினேன், தள்ளினேன், ஜன்னல் பக்கம் போனேன். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நாளும் அதுதான், அதற்கடுத்த நாளும் அதுதான். ஒவ்வொரு முறையும் நான் ஹெட்செட்டைக் கழற்றும்போது சார் என் முகத்தில் அந்தத் தடத்தைத்தான் பார்ப்பார், பதிலே அதில் எழுதியிருப்பதுபோல. பிறகு ஒருநாள், "விடுங்கம்மா. அது கெட்டுப்போன கதவு இல்ல. எனக்குச் சாத்துன கதவு. நான் சொன்னதத்தான் அவ திருப்பிச் சொல்லியிருக்கா" என்றார். சொல்லிவிட்டு ரசம் சாதம் கேட்டார், சாப்பிடவில்லை.

நல்ல மழை நாளில் கோவளத்தில் பஸ் மாறும்போது என் செருப்பு வார் அறுந்தது. காலை இழுத்து இழுத்து நாவலூர் போய்ச் சேர்ந்தேன். மனசெல்லாம் செருப்பிலேயே இருந்தது. தைத்தால் தாங்குமா, புதிதுதான் வாங்க வேண்டுமா என்று யோசித்துக்கொண்டே ஹெட்செட்டை மாட்டினேன். அந்த வாசல் வந்தது. நான் கதவைப் பார்க்கவில்லை, குனிந்து காலைப் பார்த்தேன். அந்தக் காலிலும் செருப்பு இருந்தது, நீல வார் வைத்த சின்னச் செருப்பு. அத்தனை நாளும் அதை நான் பார்க்கவே இல்லை. ஆட்டம் என்பதை அந்த நேரம் மறந்தே போனேன். வீட்டு வாசலில் செருப்போடு நிற்கிறோமே என்று நாற்காலியில் இருந்தபடியே என் வெறுங்காலை நீட்டி, குனிந்து, கையால் கழற்றினேன். ஒன்று, பிறகு மற்றது. ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்தால், பச்சைக் கதவு திறந்து கிடந்தது.

"வந்துட்டியா? கையக் கழுவிட்டுச் சாப்பிட வா."

திரும்பினேன். "இன்னா சார், கூப்ட்டியா?"

"நான் ஒண்ணும் பேசலியே" என்றார் சார், அதே குரலில்.

முன்னால் ஒரு குரல், பின்னால் ஒரு குரல், இரண்டும் ஒருவருடையது. முன்னால் கேட்டது கொஞ்சம் இளசு, அவ்வளவுதான். உள்ளே ஆள் யாரும் இல்லை. கூடத்தில் சாப்பாட்டு மேசை, மூன்று எவர்சில்வர் தட்டு, பக்கத்தில் டம்ளர், மூலையில் கை கழுவுகிற குழாய். கதவு திறந்ததையும், கழற்றிய செருப்பையும், குரலையும், தட்டையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். சார் நம்பவில்லை. "என் குரலுன்னு எப்படிச் சொல்லுதிய?" என்றார். ஹெட்செட்டைக் கழற்றி அவர் காதில் வைத்தேன், போனை வைப்பதுபோல. கண்ணால்தானே பார்க்கக் கூடாது? வாசலுக்குத் திரும்பிப் போனால் அந்தக் குரல் மறுபடி வரும். நான் மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போவதும், கழற்றி அவர் காதில் வைப்பதுமாக அன்றைக்குச் சமையலே நடக்கவில்லை. அவள் அம்மா எப்போதோ செல்போனில் எடுத்த வீடியோவாக இருக்கும் என்றார். "இப்படியும் பேசியிருக்கேன் பாத்தியளா" என்றார், யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல.

அன்றைக்கு அவர் எழுதியது சின்னது. நானும் இன்னொருவரும் ஆடினோம், கதவு திறக்கிறது, வீட்டுக்குள் போகிறவர்கள் செய்வதைச் செய்யுங்கள். இவ்வளவுதான். இரண்டு நாளில் அதன் கீழே அவர் மகளே கேட்டிருந்தாள்: 'நீங்கள் யார்?'

அந்தக் கேள்விக்குப் பதில் எழுத அவர் பட்ட பாட்டில் பிரசவ வலியே தோற்றது. எழுதுவார், அழிப்பார். காபி ஆறும். மன்னிப்பு என்று ஒரு பக்கம் எழுதி அதையும் அழித்தார். எனக்கும் அலுத்துவிட்டது. "கேட்டது ஒரு பேச்சு. அதுக்கு இம்மாம் பேஜாரா சார்? பஸ்ஸு பூடும், நான் வரேன்" என்று கிளம்பினேன். செருப்பை மாட்டும்போது உள்ளிருந்து குரல் கேட்டது. போனை வாயருகே வைத்துக்கொண்டு, "வந்துட்டியா?" என்றார். அவ்வளவுதான் பதிவு. அதை அவளுக்குத் தனியாக அனுப்பி, கீழே வீட்டு முகவரியைப் போட்டார்.

பதில் வரவில்லை. பொங்கல் போனது, வெயில் வந்தது. பேர் தெரியாத ஆட்டங்களை மறுபடி ஆடத் தொடங்கினோம், ஆனால் இரண்டு பேருக்குமே சுரத்து இல்லை.

ஒரு மதியம் மணி அடித்தது. கதவைத் திறந்தேன். ஒரு பெண் குனிந்து நின்று ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தாள், முகம் தெரியவில்லை. நிதானமாக அவிழ்த்து, ஓரமாக வைத்து, வெறுங்காலோடு நிமிர்ந்தாள். உள்ளே வரவில்லை. அவள் எதற்காக நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். கூடத்தில் உட்கார்ந்திருந்த சாருக்கும் தெரியும். ஆனால் ஒரு காலத்தில் தினம் சொன்ன சொல், அன்றைக்குப் பார்த்து அவர் வாயில் வரவில்லை. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்கிறேன். கடைசியில் அவர் மகளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"அம்மா, இன்னொரு தட்டு வைங்க."

அவள் உள்ளே வந்தாள்.

சாப்பிடும்போது இருவரும் கத்தரிக்காய்க் காரத்தைப் பற்றிப் பேசினார்கள். அடுப்படிக்கு வந்து, "அந்த இன்னொருவர் நீங்கதானா?" என்று அவள் என்னைக் கேட்டாள். "நான்தான். கையக் கழுவச் சொல்ற, உன் குழாய்ல தண்ணியே வர்லியேம்மா" என்றேன். அவள் சிரித்துவிட்டு, சரி பண்ணிவிடுகிறேன் என்றாள். அப்புறம் அப்பாவைத் தன்னோடு பெங்களூருக்கு அழைத்துப் போனாள். இது நடந்து வருஷங்கள் ஆகிவிட்டன. போகும்போது சார் அந்த ஹெட்செட்டைக் கொடுத்தார். கொடுத்ததை வாங்குகிற வழக்கம் எனக்கு இல்லை. இதை வாங்கினேன், இதில் என் பங்கு உண்டு.

இப்போது நான் வேலைக்குப் போவதில்லை. முட்டி விடவில்லை. சார் முதலில் அடிக்கடி போன் செய்தார், பிறகு எப்போதாவது. குரல் கம்மிவிட்டது, கேட்டதையே கேட்கிறார். நான் குறை சொல்லவில்லை, எனக்கும் போனைக் காதில் வைத்திருக்கக் கை வலிக்கிறது. ஹெட்செட்டில் உயிர் போய்விட்டது. சார்ஜ் ஏறவில்லை, இந்த மாடலுக்கு இப்போது பேட்டரி கிடைக்காது என்று கேளம்பாக்கம் கடைக்காரர் சொல்லிவிட்டார். எப்போதாவது துண்டை அவிழ்த்து, தலையில் கட்டிக்கொண்டு, மாட்டிப் பார்ப்பேன். இருட்டுதான். அந்தக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று எனக்குத் தெரியாது. கழற்றிவிட்டுக் கண்ணாடியில் பார்த்தால் நெற்றியிலிருந்து கன்னம்வரை அந்தத் தடம் இருக்கும். முன்பெல்லாம் பஸ் கோவளம் வருவதற்குள் மறைந்துவிடும். இப்போது தோல் தளர்ந்துவிட்டதால், விளக்கு வைக்கும்வரை இருக்கிறது.