கடல் பெருக்கு நேரம்

பல்கலைக்கழகத்தில் நான் புவியியல் எடுத்தபோது, போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டும் அப்பா சிரித்தார். "எனக்குத் தெரியாத ரோடா உனக்குத் தெரியப் போவுது?"

ஒரு சனிக்கிழமை மதியம் மழை கொட்டியது. கடல் பெருக்கு நேரத்தைப் பார்த்தேன். நான்கு மணிக்குக் கடல் ஏறும். வடிய வழியில்லாமல் ஆற்று நீர் துறைமுகச் சாலைக்கு வந்துவிடும்.

"ஆறு மணிக்கு மேல போங்கப்பா."

"மழைக்குப் பயந்தா லோரி ஓட்ட முடியாது லா," என்று முணுமுணுத்தாலும் சாவியை மேசையில் போட்டார்.

நாலரைக்கு அவருடைய கூட்டாளிகள் படம் அனுப்பினார்கள். சக்கரம் முழுகும் தண்ணீரில் லோரிகள் வரிசையாக நின்றன. அப்பா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "சொன்னேனே" என்று வாய் திறக்காமலிருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மறுவாரம் போனில் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார்: "மழையா? லோரிய எடுக்காத, இரு. எம்மவளக் கேட்டுட்டுச் சொல்றேன்."