அம்மா ஃபெயில் போட்ட பேய்ப்படம்

எங்கள் வீட்டில் படம் முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டு எழுந்து போய்விட முடியாது. பாஸா ஃபெயிலா என்று ஒவ்வொருவரும் சொல்லியாக வேண்டும். ஏன் என்றும் சொல்ல வேண்டும். இந்த வழக்கத்தை ஆரம்பித்து வைத்தவர் அப்பா. ரோடு போடும் கேங்கில் மஸ்தூராகக் கூலி வேலை பார்ப்பவர், பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்கப் போனவன் நான். என் மார்க் ஷீட்டோடு சேர்ந்துதான் அந்த இரண்டு வார்த்தைகளும் வீட்டுக்குள் வந்தன. வந்தவை என்னோடு நிற்கவில்லை. மீன்குழம்பு, புதுச் செருப்பு, பக்கத்து வீட்டு மாப்பிள்ளை என்று அப்பா எல்லாவற்றுக்கும் ரிசல்ட் போட ஆரம்பித்தார்.

அந்தமானில் எங்கள் ஊரான மாயாபந்தரில் நெட்டை நம்பி முழுப்படம் பார்க்க முடியாது. பாதியில் சுற்ற ஆரம்பித்தால் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் போர்ட் பிளேரில் வேலை பார்க்கும் என் கல்லூரி நண்பன் பென் டிரைவில் படங்களை ஏற்றி பஸ்ஸில் கொடுத்தனுப்புவான். அவன் அனுப்புவதுதான் நாங்கள் பார்ப்பது. தெரியாத மொழிப் படமாக இருந்தால், டிவிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கீழே ஓடும் இங்கிலீஷைப் படித்து அப்பா அம்மாவுக்குத் தமிழிலும் தீதிக்கு இந்தியிலும் சொல்வது என் வேலை. தீதி பக்கத்து வீட்டு பெங்காலி அம்மாள். அம்மாவைவிட மூத்தவர். வீட்டில் எல்லோருமே அவரைத் தீதி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போட்டது ஒரு பேய்ப்படம். மலைமேல் தனியாக ஒரு வீடு, அதற்குக் குடிவரும் ஒரு பெண். அவள் உடம்புக்குள் ஏதோ புகுந்துகொள்கிறது. ஒரு கை தானாகத் துடித்துச் சுவரை அடிக்கிறது, வாய் கோணுகிறது, ஆண் குரலில் கத்துகிறாள். சாப்பிட்ட சோறு செரிக்காத அளவுக்குச் சத்தம். தீதி பாதிப் படத்தை முந்தானைக்குள்ளிருந்துதான் பார்த்தார்.

முடிந்ததும் வழக்கம்போல் அப்பாதான் முதலில்.

"ஃபெயில். அந்தப் பேய்க்கு என்னதான் வேணும்? கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல. சும்மா கத்திட்டுப் போகுது."

"அரே தாதா, டர் தோ லகா!" என்றார் தீதி. பயம் வந்ததா இல்லையா, பேய்ப்படத்துக்கு அது போதாதா என்பது அவர் கட்சி. "பாஸ், பாஸ்."

"நீங்க படம் எங்க பார்த்தீங்க? முந்தானையைத்தானே பார்த்தீங்க" என்றார் அப்பா.

அம்மா அதற்குள் பாக்குக் கூடையை இழுத்துப் போட்டு உரிக்க உட்கார்ந்துவிட்டாள். வியாபாரிக்குக் கொடுக்க வேண்டிய பாக்கு. கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"ஃபெயில்தான். அந்தப் பொண்ணுக்கு நடிக்கவே தெரியல. கை அப்படியா துடிக்கும்? கை துடிக்காது. செத்துப்போய்த் தொங்கும். தூக்கணும்னு நாம நினைப்போம், அது வராது. யாரோட கையோ நம்ம மடியில கிடக்கிற மாதிரி இருக்கும். வாயோரம் எச்சி வழியும், தொடைக்கணும்னுகூடத் தோணாது. அப்புறம் எங்கேருந்து கத்துறது? உள்ளுக்குள்ள வார்த்தை நிக்கும், நாக்கு புரளாது. கொழம்பு ஒரு கொதி வர்ற நேரம் அப்படியே இருக்கும். பின்னால ஒண்ணுமே நடக்காத மாதிரி எல்லாம் திரும்பி வந்துரும்."

அப்பா சிரித்தார். "உன்னை எப்ப பேய் பிடிச்சுச்சு? என்னைப் பிடிச்சு ஆட்டுறியே, அதுவா?"

தீதி சிரிக்கவில்லை. படத்துக்கு இந்தி வேண்டுமென்பாரே தவிர, நாங்கள் பேசுகிற தமிழ் அவருக்கு நன்றாகவே புரியும். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. படம் ஓடிய இரண்டு மணி நேரமும் வராத பயம் அது. நான் தற்காலிக ஆசிரியராக வேலை பார்க்கும் பள்ளியில், சுகாதாரத் துறையிலிருந்து வந்து பக்கவாதம் பற்றி ஆசிரியர்களுக்கு ஒரு வகுப்பு எடுத்திருந்தார்கள். சுவரில் ஒரு படமும் ஒட்டிவிட்டுப் போனார்கள். ஒரு பக்கம் தொங்கும் முகம், தூக்க முடியாத கை, குழறும் பேச்சு. கீழே பெரிய எழுத்தில், உடனே ஆஸ்பத்திரி. தினமும் அதைக் கடந்துதான் வகுப்புக்குப் போகிறேன். அம்மா இப்போது அந்தப் படத்தைத்தான் ஒரு வரி விடாமல் சொல்லியிருந்தாள்.

"அம்மா, அது உனக்கு வந்துச்சா?"

"எது?"

"இப்ப சொன்னியே, கை தொங்குறது."

"பாக்கு உரிக்கிறவளுக்குக் கை மரக்காம என்ன செய்யும்? போய் டீ போடு."

"நாக்குமா மரக்கும்?"

கத்தி மட்டும் போய்க்கொண்டிருந்தது. நான் தீதியைப் பார்த்தேன். அவர் தாங்க மாட்டாமல் எழுந்து வந்து, அம்மாவின் ஜாக்கெட் கையைச் சற்று மேலே தள்ளினார். புஜத்தில் கறுப்புக் கயிறு. இரண்டு தடவை வந்துவிட்டது, இரண்டாவது தடவை தன் கண் முன்னாலேயே வந்தது, தானும் அம்மாவும் யாருக்கும் தெரியாமல் மந்திரிக்கிற ஓஜாவிடம் போய் அந்தத் தாகாவைக் கட்டிக்கொண்டு வந்தது என்று எல்லாவற்றையும் இந்தியில் படபடவென்று சொன்னார். சொல்லும்போதே அழுதார். அம்மாதான் சத்தியம் வாங்கியிருந்தாளாம்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணுவே? போர்ட் பிளேரும்பே. அங்க போனா மெயின்லேண்டும்பாங்க. நம்ம லைன் வீடுகள்ல இருந்து மெயின்லேண்டுக்கு ரெஃபர் ஆகிப் போன ஆளு எத்தனை பேர் நடந்து வந்துருக்காங்க? சொல்லு. எல்லாம் பொட்டியில வந்து இறங்குனவங்கதான்."

அப்பாவின் சிரிப்பு எப்போதோ நின்றிருந்தது. "எந்திரி" என்றார். "ஜல்தி எந்திரி. சேலை மாத்த வேணாம்."

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகும்போது அம்மாவின் வலது கையைப் பிடித்திருந்தேன். விரல்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தேன். அவளும் திருப்பி அமுக்கினாள். ஒவ்வொரு தடவையும் அவள் அமுக்குவதற்குக் கொஞ்சம் தாமதமாவதுபோல் இருந்தது.

டூட்டி டாக்டர் இளம்பெண். கையைத் தூக்கச் சொன்னார், சிரிக்கச் சொன்னார், பெயரைச் சொல்லச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது. பிரஷர் மட்டும் எகிறிக் கிடந்தது. என்னை வெளியே கூப்பிட்டார். வந்துவிட்டுப் போன இரண்டும் எச்சரிக்கைகள், பெரியது எப்போது வேண்டுமானாலும் வரலாம், மூளையையும் கழுத்து ரத்தக்குழாயையும் ஸ்கேன் பண்ண வேண்டும், அதற்கு போர்ட் பிளேர்தான் போக வேண்டும். இன்று இங்கேயே அட்மிட், காலையில் ஆம்புலன்ஸ். "முகத்தைப் பாத்துட்டே இருங்க. பேச்சு குடுத்துட்டே இருங்க. பேச்சு மாறினா உடனே சொல்லணும்" என்றார்.

விடிவதற்கு முன்பே கிளம்பினோம். அப்பா முன்னால் டிரைவர் பக்கத்தில். பின்னால் அம்மாவும் நானும் ஒரு நர்ஸ் அண்ணனும்.

பேச்சு கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். என்ன பேசுவது? காலேஜ் போனதிலிருந்து அம்மாவிடம் நான் நீளமாகப் பேசிய ஒரே விஷயம் சினிமாதான் என்பது அந்த ஆம்புலன்ஸில்தான் எனக்கு உறைத்தது.

"அம்மா, போன மாசம் பார்த்தோமே, அண்ணன் தம்பி படம். அதுக்கு ஏன் பாஸ் போட்டே?"

"அதுல அந்த மூத்த மருமக இருக்காளே, அவளுக்காகப் போட்டேன். ஒரு வார்த்தை பேசாம வீட்டையே ஆட்டி வைப்பா. ஹீரோ சும்மா முடியைச் சிலுப்பிக்கிட்டுத் திரியுறான்."

"அந்தக் கோர்ட் படம்?"

"ஃபெயில். வக்கீலு பேசுறான் பேசுறான், ஜட்ஜு கொட்டாவிகூட விடல. மனுசன்தானா அவரு?"

நர்ஸ் அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவள் என்ன சொல்கிறாள் என்பது என் காதில் விழவேயில்லை. வார்த்தை முழுசாக வருகிறதா, உதடு இரண்டு பக்கமும் ஒன்றுபோல் அசைகிறதா, அவ்வளவுதான். ஒரு படம் முடிந்ததும் அடுத்த படம். என்னிடம் இருக்கும் படங்கள் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்றுகூட ஒரு பயம் வந்தது.

வழியில் பழங்குடியினரின் காடு வருகிறது. அதற்குள் வண்டிகள் தனியாகப் போக முடியாது. கேட்டில் காத்திருந்து, போலீஸ் வண்டி முன்னால் போக, வரிசையாகப் பின்னால் போக வேண்டும். நடுவில் நிறுத்தக்கூடாது, முந்தக்கூடாது. கான்வாய் என்போம். படகில் வண்டியை ஏற்றி நீரிணையைக் கடந்து, அந்தக் கான்வாயில் நாங்கள் போய்க்கொண்டிருந்தோம். முன்னால் டூரிஸ்ட் வண்டிகள், லாரிகள். இரண்டு பக்கமும் சுவர் மாதிரி மரங்கள். போனில் ஒரு கோடுகூட சிக்னல் இல்லை.

"நேத்துப் பார்த்த படத்துல அந்த வீடு நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் அம்மா. "அந்தச் சமையக்கட்டு ஜன்ன..."

அத்தோடு நின்றுவிட்டது.

"ஜன்னலுக்கு என்னம்மா?"

அவள் என்னைப் பார்த்தாள். வாயின் வலது ஓரம் மெதுவாகக் கீழே இறங்கியது. என் கைக்குள் இருந்த அவள் கை கனத்துவிட்டது. துடிக்கவில்லை. யாருடைய கையோ போல என் உள்ளங்கையில் கிடந்தது. அவள் சொன்னது எல்லாமே சரி. எச்சில் வழிந்தது, அவள் துடைக்கவில்லை. கண் மட்டும் முழுசாக இருந்தது. அந்தக் கண்ணுக்குள் அவள் இருந்தாள். சத்தம் போடாத ஒன்றைக் கண்டு இப்படி நடுங்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது, அப்பா முன்னாலிருந்து கண்ணாடியை அடித்தார். நர்ஸ் அண்ணன் அம்மாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயைத் துடைத்து, மணியைப் பார்த்துக்கொண்டார். டிரைவர் சைரனைப் போட்டு ஹாரனில் கையை வைத்தவர் எடுக்கவில்லை. முன்னால் போன வண்டிகள் ஒவ்வொன்றாக ஓரத்தில் ஒதுங்கின. முந்தக்கூடாத காட்டில் எங்கள் வண்டி எல்லாவற்றையும் முந்திக்கொண்டு போனது. டூரிஸ்ட் வண்டி ஜன்னல்களில் திரும்பிய முகங்கள் தெரிந்தன.

"தம்பி, பேச்சை விடாதீங்க" என்றார் நர்ஸ் அண்ணன்.

நான் பேசினேன். எது நினைவுக்கு வந்ததோ அந்தப் படத்தின் கதையை, யார் கதையை யார் படத்தில் வைத்துச் சொல்கிறேன் என்று தெரியாமல் சொல்லிக்கொண்டே போனேன். காடு முடிந்து, கேட் தாண்டி, போர்ட் பிளேருக்கு முன்னால் இருக்கும் ஃபெரார்கஞ்ச் வயல்கள் வந்த இடத்தில் என் உள்ளங்கையில் ஒரு விரல் அசைந்தது. கொஞ்ச நேரம் கழித்து அம்மா குழறலாகச் சொன்னாள்.

"அவன்... அந்தப் படத்துல... இல்லடா."

நான் தப்பான ஹீரோவைச் சொல்லியிருந்தேன். அப்பா முன்னால் குனிந்து தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தார்.

ஸ்கேன் ரிப்போர்ட்டை மறுநாள் போர்ட் பிளேர் டாக்டர் விளக்கினார். வயதானவர், நிதானமாகப் பேசினார், ஆனால் முழுக்க இங்கிலீஷிலும் இந்தியிலும். அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இந்தி அவளுக்கு பஜாருக்குப் போதுமான அளவு தெரியும், இதற்குப் போதாது. அவர் ஒரு பகுதி சொல்லி நிறுத்துவார், நான் தமிழில் சொல்ல வேண்டும்.

கழுத்தின் இடது பக்கக் குழாய் பெரும்பாலும் அடைந்துவிட்டது. அதிலிருந்து சிறு ரத்தக்கட்டிகள் உடைந்து மூளைக்குப் போகின்றன. மாத்திரை தொடங்கியாயிற்று. ஆனால் குழாயைச் சுத்தம் செய்யும் ஆபரேஷனுக்கு சென்னை போக வேண்டும். தள்ளிப்போட்டால் ஒரு பக்கம் நிரந்தரமாக விழுந்துவிடலாம், பேச்சே போய்விடலாம். ஆபரேஷனின்போதே அதுவும் நடக்கலாம், உயிருக்கும் ஆபத்து உண்டு, ஆனால் அதற்கான வாய்ப்பு குறைவு.

கடைசி வாக்கியத்தில் என் வாய் நின்றுவிட்டது. "ஆபரேஷன் பண்ணா சரியாயிடும்ங்கிறாரும்மா" என்று ஆரம்பித்தேன்.

"அவரு அவ்வளவு நேரம் பேசினாரு. நீ இத்துனூண்டு சொல்றே" என்றாள் அம்மா. பேச்சில் இன்னும் லேசாக ஒரு இழுப்பு இருந்தது. "டிவி முன்னால உக்காந்தும் இப்படித்தான் செய்வே. அவ கண்ணுல தண்ணி கொட்டும், நீ சும்மா பேசிக்கிட்டு இருக்காம்பே. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? மூஞ்சி தெரியுதுல்ல. இது என் உடம்புடா. முழுசாச் சொல்லு."

அப்பா சுவரோரமாக நின்றிருந்தார். டாக்டர் காத்திருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். உயிர் என்ற சொல்லையும் சொன்னேன்.

அம்மா தன் வலது கையைப் பார்த்தாள். விரல்களை மடக்கி விரித்தாள்.

"கப்பல்லயா, பிளேன்லயா?"

"பிளேன்தான்மா. ரெண்டு மணி நேரம். நானும் வர்றேன்."

"பொட்டியில திரும்பி வந்துட்டா?"

அப்படியெல்லாம் ஆகாது என்று சொல்ல வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன்.

"எனக்குப் பயமா இருக்குடா" என்றாள்.

"எனக்கும்தான்மா."

அவள் தலையை ஆட்டினாள். பிறகு டாக்டரைப் பார்த்து, தன் பஜார் இந்தியில், எப்போது போக வேண்டும் என்று அவளே கேட்டாள்.