பூட்டிய வீட்டிலிருந்து வந்த குரல்

போன ஐப்பசி மாதம் ஒரு நாள், கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் பைத்தியக்காரி மாதிரி அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தேன். உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை. மழை கொட்டுகிறது. ஊரில், பூட்டிய வீட்டுக்குள், என் வீட்டுக்காரர் தனியாகப் படுத்துக் கிடக்கிறார். சாவி என் இடுப்பில் இருக்கிறது.

எங்கள் ஊர் கழுகுமலைக்குப் பக்கம் ஒரு கரிசல்காட்டுக் கிராமம். மக்காச்சோளத் தட்டை ஏற்றிய டிராக்டர் மேலிருந்து விழுந்ததில் அவருக்குக் கழுத்தெலும்பு போய்விட்டது. அதற்குக் கீழே எதுவும் அவர் சொன்னபடி கேட்காது. போன் எடுக்கக்கூட விரல் மடங்காது. சோறு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, மூத்திரப் பையைக் காலி செய்வது எல்லாம் நான்தான். மகளைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்துவிட்டோம். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். எனக்கு ஒரு காய்ச்சல் வந்தால் அவருக்குத் தண்ணீர் கொடுக்க ஆள் கிடையாது.

ஆள் கிடையாது என்பதும் முழு உண்மை இல்லை. பக்கத்து வீட்டில் கருப்பசாமியும் அவர் மனைவி பேச்சியம்மாளும் நல்ல மாதிரி. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில், பார்க்க வந்த சொந்தக்காரர்கள் கட்டிலைச் சுற்றி நின்று உச்சுக் கொட்டினார்கள். அவர்கள் போனதும் என் வீட்டுக்காரர் என் கையைத் தன் தலையில் வைக்கச் சொன்னார்.

"கழுகுமலையான் மேல சத்தியம் பண்ணு. இனிமே ஒருத்தரும் என்னைய இந்தக் கோலத்துல பாக்கக் கூடாது."

செய்து கொடுத்தேன். எங்கள் பக்கத்தில் கழுகுமலை முருகன் மேல் சத்தியம் செய்துவிட்டு மீற யாருக்கும் துணிச்சல் வராது. அதனால் எங்கே போனாலும் வீட்டைப் பூட்டிவிட்டுத்தான் போவேன்.

அன்று அவருக்கு மூத்திரம் இறங்குகிற புது டியூப் வாங்கக் கோவில்பட்டிக்கு வந்திருந்தேன். மதிய பஸ்ஸில் திரும்பிவிடலாம் என்று கணக்கு. வாங்கிக்கொண்டு கடையை விட்டு இறங்கினால் வானம் பொத்துக்கொண்டது.

"பாலத்து மேல தண்ணி போவுதும்மா. இன்னைக்கு வண்டி போவாது" என்றார் கண்டக்டர்.

ஆட்டோக்காரரிடம் ஓடினேன். "கரிச மண்ணு சக்கரத்துல அப்பிக்கிடும்க்கா. நடுக்காட்டுல நிக்கணுமா?" என்று அவரும் கையை விரித்தார்.

பை நிரம்பியிருக்கும். மூத்திரம் போக வழியில்லாமல் அடைத்துக்கொண்டால் தலைவலி மண்டையைப் பிளக்கும், வேர்த்துக் கொட்டும், ரத்தக் கொதிப்பு ஏறி உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். போனை எடுப்பேன். பேச்சியம்மாள் நம்பரைத் தொடப் போவேன். சத்தியம் நினைவுக்கு வரும். உள்ளே வைப்பேன். மறுபடி எடுப்பேன்.

கழுகுமலை இருக்கும் திசையைப் பார்த்து நின்றேன். அழுகையைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. "முருகா, உன் பேரைச் சொல்லித்தானே அவிய என் கையைக் கட்டிப் போட்டாவ? நீதான் அவுத்து விடணும். சீக்கிரம் செய்யி" என்றேன். சாமியிடம் இப்படியா பேசுவது என்று கேட்காதீர்கள். அன்று எனக்கு அதுதான் வந்தது.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. பேச்சியம்மாள்!

"மதினி, பதறாதிய. பூட்ட ஒடச்சிட்டோம்."

"யாரு ஒடைக்கச் சொன்னா?"

"அண்ணாச்சிதான் கூப்பிட்டாவ. எங்க வீட்டுக்காரரு பையக் காலி பண்ணுதாவ. எப்பிடிப் பண்ணணும்னு அண்ணாச்சியே சொல்லிக் குடுக்காவ."

ஈரத்தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். சத்தம் போட அவருக்கு மூச்சுப் போதாது. கொட்டுகிற மழையில் கூப்பிட்டிருந்தால் யார் காதிலும் விழுந்திருக்காது. மழை சற்று விட்ட நேரம் பார்த்து, ஆட்டை மாற்றிக் கட்ட பேச்சியம்மாள் வெளியே வந்திருக்கிறாள். அந்த நேரத்தில்தான் அவரும் கூப்பிட்டிருக்கிறார். மழையை நிறுத்தியது யார் என்று எனக்குத் தெரியும்.

பாலத்தில் தண்ணீர் வடிந்த பிறகு முதல் பஸ்ஸைப் பிடித்து இறங்கி, சேற்றில் நடந்து வீடு சேர்ந்தேன். கருப்பசாமி கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, உளுந்துக்கு அடிக்கிற மருந்தைப் பற்றி அவரோடு பேசிக்கொண்டிருந்தார். கருப்பசாமி எழுந்து போனதும் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன், "எப்படிக் கூப்பிட்டிய?" என்று.

"தல வெடிக்க மாதிரி இருந்துச்சுட்டி. இப்பிடியே போயிருவோம்னுதான் நெனச்சேன். அப்புறம் நீ வந்து கதவத் தொறந்து என்னையப் பாக்கத நெனச்சுப் பாத்தேன். என்னைய அறியாம வாய் கூப்பிட்டுட்டு."

அந்த வாயைத் திறந்து வைத்தவன் முருகன். வேறு யாராலும் முடியாது.

இப்போது தினமும் காலையில் கருப்பசாமி வந்து அவரைத் தூக்கி உட்கார வைக்கிறார். என் முதுகுவலி குறைந்திருக்கிறது. படபடப்பு மட்டும் முழுசாகப் போகவில்லை. டவுனுக்குப் போனால் பேச்சியம்மாளுக்குப் போன் மேல் போன் போட்டுக் கடுப்பேற்றுவேன்.

எங்களைப் போன்ற வீடுகள் இந்தப் பக்கம் நிறைய உண்டு. தளர்ந்து போன தாயும் எழுந்து நடக்காத பிள்ளையுமாக இருக்கும் வீடு. அண்ணனைப் பார்த்துக்கொள்ளவே கல்யாணம் வேண்டாம் என்று தங்கை நின்றுவிட்ட வீடு. யாருமே இல்லாமல் ஒற்றை ஆளாகக் கிடக்கும் வீடு. உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். முருகனிடம் கேளுங்கள். கோபமாக வேண்டுமானாலும் கேளுங்கள். அவன் பக்கத்து வீட்டு வழியாகவும் வருவான், கதவைத் திறந்துவிடுங்கள்.

பங்குனி உத்திரத்துக்கு அவரைச் சக்கர நாற்காலியில் கழுகுமலைக்குக் கூட்டிப் போனோம். கருப்பசாமியும் இன்னும் மூன்று பேரும் நாற்காலியோடு படியில் தூக்கினார்கள். அத்தனை கூட்டத்துக்கு நடுவில் வேட்டி விலகி டியூப் வெளியே தெரிந்தது. நான் பதறிப்போய் மூடப் போனேன்.

"விடுட்டி" என்றார். "சாமியப் பாரு."