புயலைக் கேட்டவர் கடற்கரைக்குப் போன நாள்

மண்ணெண்ணெய்ப் புகை எங்கே மணத்தாலும் எனக்கு மழை ஞாபகம் வரும். போர்க்காலத் தடையால் டீசலைக் கண்ணால் காண முடியாத காலம் அது. மண்ணெண்ணெயில் கொஞ்சம் எண்ணெய் கலந்து ஊற்ற, அதை இருமி இருமிக் குடித்துக்கொண்டு அக்கராயனிலிருந்து முள்ளிவாய்க்காலுக்குப் போய்த் திரும்பியது ஓர் உழவு மிசின், டிராக்டர். அதன் பின்னால் இழுபட்ட பெட்டிக்குள் நானும் இருந்தேன்.

இரண்டாயிரத்துக்கு அடுத்த வருடத்துக் கார்த்திகை. வன்னியில் கார்த்திகை என்றால் குளங்கள் நிரம்பி, வழிந்து வான் பாய வேண்டும். அந்த வருடம் குளத்தின் நடுவில் மாடுகள் படுத்து அசைபோட்டன.

கிளிநொச்சியிலிருந்து பத்து மைலளவு சைக்கிள் மிதித்து, பின்னேரம் மாரிமுத்துவின் வீட்டை அடைந்தேன். நான் இடம்பெயர்ந்து திரிந்த நாட்களில் ஒரு மாதம் எனக்குக் கூரை தந்தவர். மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கலவரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வன்னிக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. ‘ஓம்’மும் ‘ஆமா’வும் அவர் வாயில் மாறி மாறி வரும்.

தேநீருக்கு முன்னரே வயலுக்குக் கூட்டிப்போனார். மழையை நம்பிப் புழுதியில் விதைத்த நெல். ஒரேயொரு தூறலில் ஏமாந்து முளைத்து, விரல் நீளத்துக்கு வந்து, நுனி தீய்ந்து நின்றது. குனிந்து ஒரு பயிரைத் தொட்டேன். காகிதம்போல் சரசரத்தது.

“இன்னும் நாலஞ்சு நாள் தாங்கும் ஐயா. அதுக்கப்புறம் மாட்ட அவுத்து விட வேண்டியதுதான். திரும்ப விதைக்க வீட்டுல ஒரு கொத்து நெல்லுகூட இல்ல.”

இருட்டுவதற்குள் முற்றத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினார்கள். அவருடைய மனைவி ராக்கம்மா கையால் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ உயிர் பெற்றது. வங்கக் கடலில் தாழமுக்கம். புயலாக மாறக்கூடும். முல்லைத்தீவுக் கரையை நோக்கி... அந்த இடத்தில் ராக்கம்மாவுக்குக் கை ஓய்ந்தது. றேடியோவும் படுத்துவிட்டது.

“சுத்து, சுத்து!” என்று மாரிமுத்து பதறினார்.

“வருதுன்னு சொல்லிட்டான்ல? கையப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டா வரப்போறான்?” என்ற ராக்கம்மா என் பக்கம் திரும்பினார். “குளக்கட்டுப் பிள்ளையார்கிட்ட ஊரே மழை கேட்டுச்சு ஐயா. இந்த மனுசன் மட்டும், புயலா இருந்தாலும் பரவாயில்ல, அனுப்புன்னு சத்தம் போட்டுக் கேட்டாரு.”

மாரிமுத்து சிரிக்கவில்லை. “முல்லைத்தீவுக் கரைன்னா பிலோமினாக்கா வீடு” என்றார்.

பிலோமினா முள்ளிவாய்க்காலில் வள்ளம் வைத்துத் தொழில் செய்யும், மாதாவைக் கும்பிடும் வேதக்காரப் பெண். அறுவடை முடிந்ததும் கருவாட்டுச் சாக்கோடு அக்கராயனுக்கு வந்து நெல்லுக்கு மாற்றிக்கொண்டு போவார். அப்படிப் பழகிய பழக்கம்.

“கேட்டது நான். வள்ளம் உடையிறது அவங்களுக்கு. படுத்தா நித்திரை வருமா?” என்று மாரிமுத்து எழுந்து, முற்றத்தில் நின்ற தன் உழவு மிசினுக்குள் எவ்வளவு மண்ணெண்ணெய் கிடக்கிறதென்று குச்சி விட்டுப் பார்த்தார்.

காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். பெட்டிக்குள் கயிறும், வள்ளங்களை உருட்டுவதற்குப் பனங்குற்றிகளும், அயல் வயல்காரர்கள் ஐந்து பேரும். ஷெல்லடியில் கூரையிழந்த கிளிநொச்சியை மிசின் சத்தத்தால் எழுப்பிவிட்டு, பரந்தன் சந்தியில் வலப்பக்கம் திரும்பினோம். முழுத்தூரம் நாற்பது மைலுக்குக் குறையாது. தர்மபுரத்தில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு பால் விடாத பிளேன்ரீ குடித்தோம். கோப்பை ஐந்து ரூபாய். கடைக்காரர் எங்கள் கயிறுகளைப் பார்த்து, “எங்கை, யானை பிடிக்கவோ?” என்றார்.

“வள்ளம் இழுக்க” என்றார் கந்தையா. மாரிமுத்துவின் பக்கத்து வயல்காரர். பேசாமல் இருக்கத் தெரியாதவர். “எங்கட ஆள் புயலுக்குச் சொல்லி அனுப்பிப்போட்டார். அது வாற நேரம் வாசலிலை ஆள் நிக்கவேணாமோ?”

விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு. தெருவின் இரு பக்கமும் காடு சாம்பல் பூசி நின்றது. கிழக்கே வானத்தின் அடிவிளிம்பில் மட்டும் ஈயநிறத்தில் ஒரு கோடு. மாரிமுத்து அதைப் பார்ப்பதும் தெருவைப் பார்ப்பதுமாக மிசினை ஓட்டினார். வாழ்நாளில் அவ்வளவு ஆசையும் அவ்வளவு பயமும் ஒரே முகத்தில் இருக்க நான் கண்டதில்லை.

ஒன்பது மணியளவில் முள்ளிவாய்க்கால். கடல் இன்னும் பெரிதாக எழவில்லை. ஆனால் அதன் நிறம் கெட்டிருந்தது. கரையில் ஆண்களும் பெண்களும் வள்ளங்களைத் தோளால் தள்ளிக்கொண்டிருந்தார்கள். சேலையை இழுத்துச் செருகிய ஐம்பது வயதுப் பெண்ணொருத்தி நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்தார். பிலோமினாக்கா.

“என்ன தம்பி, புயலைக் கூப்பிட்டுப்போட்டு இப்ப கயிறு பிடிக்க வந்திருக்கிறீரோ?”

“உங்களுக்கு யாரு சொன்னது?” மாரிமுத்துவின் குரல் உள்ளே போய்விட்டது.

“ஆர் சொல்லவேணும்? மழை இல்லாத ஊரிலை வேறை என்னத்தைக் கேப்பியள்? நாங்கள் மாதாட்டைக் கேட்டனாங்கள், வேறை பக்கம் போகச் சொல்லி. உங்கட பிள்ளையாரும் எங்கட மாதாவும் கதைச்சு ஒரு முடிவுக்கு வரட்டும். நீர் முதல்லை மிசினைப் பின்னுக்கு எடும்!”

கரை முழுவதும் சிரித்தது. மாரிமுத்துவும் முதல்முறையாகச் சிரித்தார்.

பெட்டியைக் கழற்றிவிட்டு, மிசினின் கொளுக்கியில் கயிற்றைக் கட்டினார்கள். வள்ளத்தின் அடியில் பனங்குற்றிகள் உருண்டன. முதல் வள்ளம் பாதித் தூரம் வந்தபோது மிசினின் பெரிய சில்லு மணலுக்குள் புதைந்து, இருந்த இடத்திலேயே சுற்றியது. பிலோமினாக்கா தன் வளவை நோக்கி நடந்தார். வேலியில் கட்டியிருந்த ஓலைக் கிடுகுகளைப் பிடுங்கி அள்ளிக்கொண்டு வந்து சில்லின் கீழ் போட்டார்.

“ஐயோ அக்கா, வேலி!” என்றார் மாரிமுத்து.

“எப்பிடியும் காத்து தின்னத்தான் போகுது. முதல்லை உம்மட சில்லு தின்னட்டும்.”

நான் கயிறு பிடித்தேன். உள்ளங்கை உரிந்தது. மூச்சு வாங்க நிமிரும்போதெல்லாம் அந்தக் காட்சியை விழுங்கிக்கொண்டேன். வயல்காரர்கள் கடல்காரர்களின் ஏலேலோவுக்கு அடி தவறி இழுத்தார்கள். கடல்காரர்கள் அதைப் பழித்துச் சிரித்து, மறுபடி தொடங்கினார்கள். மழை வேண்டுமென்றவர்களும் வேண்டாமென்றவர்களும் ஒரே கயிற்றில் நின்றார்கள். ஒருவரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

பகல் ஒரு மணிக்குக் கடைசி வள்ளமும் பனை வரிசைக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தது. “இவ்வளவு உயரம் காணுமோ?” என்று கேட்டேன். பிலோமினாக்கா கடலைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “காணும் எண்டு நினைக்கிறன். கடல் என்ன நினைக்குதோ.”

காற்று எழும்பத் தொடங்கியது. ஊர்ச்சனம் கோயில் கட்டிடத்துக்குப் போக மூட்டை கட்டியது. எங்கள் மிசினில் திரும்பிப் போக எண்ணெய் போதாதென்பது அப்போதுதான் தெரியவந்தது. பிலோமினாக்கா தன் வள்ளத்து இயந்திரத்துக்கு வைத்திருந்த மண்ணெண்ணெய்க் கானைக் கொண்டுவந்து கவிழ்த்தார். “எங்கட இயந்திரத்துக்கும் உங்கட மிசினுக்கும் ஒரே சாப்பாடுதானே. போய் வரம்பைக் கட்டும். மழை வந்தாத் தண்ணி ஓடிப்போடும்.”

இரட்டைவாய்க்காலைத் தாண்டும்போது மழை பிடித்தது. குளிர்ந்த, சாய்ந்த, கடல் உப்புப் படிந்த மழை. பெட்டிக்குள் எல்லோரும் வாயைத் திறந்துகொண்டு இருந்தார்கள். ஆனால் உடையார்கட்டில் அது மெலிந்தது. விசுவமடுவில் தெரு காய்ந்து கிடந்தது. திரும்பிப் பார்த்தால் மழை ஒரு சாம்பல் சுவராக எங்களுக்குப் பின்னால், அங்கேயே நிற்கிறது.

மாரிமுத்து மிசினைத் தெருவோரம் நிறுத்திவிட்டார்.

“என்ன பழுதோ?” என்று கேட்டேன்.

“பழுதில்ல ஐயா. மழைய முந்திக்கிட்டுப் போறோம். கொஞ்சம் நின்னு பாப்பம்.”

“மழை என்ன, பஸ்ஸுக்கு ஓடிவாற கிழவியே? நிண்டு ஏத்திக்கொண்டு போக?” என்றார் கந்தையா.

ஆனாலும் ஒருவரும் மிசினை எடுக்கச் சொல்லவில்லை. கந்தையாவும் சொல்லவில்லை. நாங்கள் எல்லோரும் இறங்கி, தெருவில் நின்று, கிழக்கைப் பார்த்தோம். சுவர் அசையவில்லை. இருபது வருடமாகக் காடு வெட்டி, பாம்பையும் யானையையும் ஷெல்லையும் தாண்டிப் பயிர் வைத்த மனிதர் தெருவோரம் கைகட்டி நின்று மழைக்காகக் காத்திருந்தார். கோவிலில்கூட நான் அவ்வளவு பணிவைக் கண்டதில்லை.

பொழுது சாயும்போது அக்கராயனில் புழுதிதான் எங்களை வரவேற்றது. அவர் வீட்டுக்குள் போகவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கி, வரம்புகளில் தண்ணீர் ஓட வெட்டியிருந்த வாய்களை ஒவ்வொன்றாக அடைக்கத் தொடங்கினார். மண் செங்கல்லாக இருந்தது. மண்வெட்டி பட்ட இடத்தில் தீப்பொறி பறந்தது.

“பாருங்க ஐயா, தண்ணி வராத வயலுக்குக் கதவு பூட்டுறாரு” என்றார் ராக்கம்மா. சொல்லிவிட்டு, தானும் ஒரு மண்வெட்டியோடு அடுத்த வரம்புக்குப் போனார்.

விடியற்காலையில் கூரையில் யாரோ மணலை அள்ளி எறிவதுபோல் இருந்தது. பிறகு எறிவது நிற்கவில்லை.

வெளியே வந்தேன். புழுதி முதலில் கொப்புளமாகி, பிறகு சேறாகி, பிறகு கண்ணாடியாகியது. அடைத்த வரம்புகளுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. தீய்ந்த நுனிகளுக்குக் கீழே, தண்டில், ஒரு பச்சை ஒளிந்திருந்ததை அப்போதுதான் கண்டேன். குளக்கட்டில் ஊர்ச்சனம் நனைந்தபடி கூச்சல் போட்டது. கந்தையா சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினார்.

என் ஊர் யாழ்ப்பாணக் குடாநாட்டில். வளவுக்கு ஒரு கிணறு. எனக்கு வேண்டிய தண்ணீரை நானே இறைத்துக்கொள்வேன். அது அடுத்த வீட்டானின் கூரையைப் பிய்த்துக்கொண்டு வருமோ என்று யோசிக்க ஒருநாளும் தேவை வந்ததில்லை. அதனால்தானோ என்னவோ, இவர்களைப் போன்ற மனிதர்களாக நாங்கள் வளரவில்லை.

அன்று நான் கனகராயன்குளம் போகவேண்டியிருந்தது. பொலித்தீன் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சைக்கிளை உருட்டி வயல்கரைக்கு வந்தேன். மாரிமுத்து கணுக்காலளவு தண்ணீரில், குளக்கட்டுக் கூத்துக்கு முதுகு காட்டி நின்றார். அவருக்கு மேலே பனைகள் கிழக்குக் காற்றில் வளைந்து வளைந்து நிமிர்ந்தன.

“நல்ல மழை, மாரிமுத்து. பயிர் தப்பிட்டுது. நான் போயிட்டு வாறன்” என்றேன்.

அவர் ஈரக்கையால் என் கையைப் பிடித்தார்.

“கரைப் பக்கத்து ஆளு யாரையாச்சும் வழியில கண்டா, வள்ளமெல்லாம் என்னாச்சுன்னு விசாரிச்சு ஒரு சொல்லு அனுப்புங்க ஐயா. அது வர்ற வரைக்கும் இத நல்ல மழைன்னு நான் வாயால சொல்லமாட்டேன்.”